பூங்கா ஜிம் கருவிகள்: குமரி மேற்கில் எது உழைக்கும், எது துருப்பிடிக்கும்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கத்தில், தக்கலை தொட்டுக் களியக்காவிளை எல்லை வரைக்கும், பல பூங்காக்களிலும் மைதான ஓரங்களிலும் மஞ்சளும் நீலமுமாகச் சாயமடித்த இரும்புக் கருவிகள் நிற்கின்றன. பலகையில் ‘திறந்தவெளி உடற்பயிற்சிக் கூடம்’ என்றிருக்கும். பேச்சில் பார்க் ஜிம். எல்லை தாண்டிக் கேரளத்துக்குள் போனாலும் இதே வகைதான். அடுத்து வாங்கப்போகும் ஊராட்சி, குடியிருப்போர் நலச்சங்கம், தேவாலயப் பங்குப் பேரவை ஆகியவற்றுக்கும், தினமும் போய் ஏறப்போகிறவர்களுக்கும் இந்த மதிப்பீடு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கருவிகளில் பாதி நல்லவை. ஒன்றிரண்டு பரவாயில்லை. ஒன்று வேண்டவே வேண்டாம். ஆனால் எந்தக் கருவி என்பதைவிட, அது எந்த வழியோரம் நிற்கிறது என்பதுதான் பெரிது. வீட்டு வாசலிலிருந்து பத்து நிமிடத்தில் பயமில்லாமல் நடந்து போகக்கூடிய இடத்தில் சுமாரான கருவி இருந்தாலும் ஆள் வரும். பைக்கை எடுத்தால்தான் போக முடியும் என்றால், எவ்வளவு உயர்ந்த கருவியை வைத்தாலும் முதல் மாதத்தோடு கூட்டம் கலைந்துவிடும்.

கருவிகள்

எல்லோரும் முதலில் ஏறுவது ஏர் வாக்கரில். இரண்டு மிதிகள் ஊசல்போல முன்னும் பின்னும் ஆடும். முழங்காலில் அடி விழாது என்பது இதன் பெரிய நன்மை. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு உகந்தது. குறை என்னவென்றால், ஆட்டத்தை நடத்துவது பெரும்பாலும் புவியீர்ப்பு. மெதுவாக ஆடிக்கொண்டிருந்தால் நெஞ்சுத் துடிப்பு கூடுவதே இல்லை. அதனால் இதை நடைக்கு ஈடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நடைக்கு முன் ஐந்து நிமிடம் உடம்பைச் சூடாக்க வைத்துக்கொள்ளலாம். இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு காலை வைத்து, பிறகு மற்றதை வைக்க வேண்டும். சாதாரண நடையில் கால் எவ்வளவு எட்டுமோ அதற்கு மேல் வீசக் கூடாது. ஆட்டம் முழுக்க நின்ற பிறகே இறங்க வேண்டும். விழுகிறவர்கள் பெரும்பாலும் இறங்கும்போதுதான் விழுகிறார்கள். மிதியின் ஆட்டத்தை நிறுத்தும் ரப்பர் ஸ்டாப்பர் கழன்று போனால் இரும்பில் இரும்பு மோதும். அந்தச் சத்தம் கேட்கத் தொடங்கிவிட்டால், புது ஸ்டாப்பர் போடும்வரை கருவியைக் கயிறு கட்டி நிறுத்திவைப்பது நல்லது.

இந்தக் கூட்டத்தில் உண்மையாகவே மூச்சு வாங்க வைப்பது கிராஸ் டிரெய்னர். கையும் காலும் சேர்ந்து வேலை செய்வதால் பத்து நிமிடத்தில் வியர்த்துவிடும். ஆனால் அசையும் மூட்டுகள் இதில்தான் அதிகம். ஒவ்வொரு மூட்டிலும் ஒரு பேரிங் இருக்கிறது, இரண்டு மழைக்காலம் தாண்டினால் ஒவ்வொன்றாகக் கரகரக்கும். பராமரிக்க ஆள் உறுதியாக இருந்தால் வாங்கலாம். இல்லையென்றால் அந்தப் பணத்தை வேறெதிலாவது போடலாம்.

லெக் பிரஸ் நம் ஊருக்குத் தேவையான கருவி. இருக்கையில் உட்கார்ந்து மிதிப்பலகையைக் காலால் தள்ளினால் இருக்கையோடு உடம்பு பின்னால் போகும். சுமை என்பது நம் எடையில் ஒரு பகுதி. கேரள, தமிழ்நாட்டுப் பேருந்துகளின் உயரமான முதல் படியில் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறும் அம்மாமார்களுக்குத் தொடைத் தசை வலுப்பட இது நல்ல வழி. 10 முதல் 12 முறை, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி 10 முதல் 12 முறை. முழங்காலை முழுக்க நிமிர்த்திப் பூட்டிவிடக் கூடாது. கொஞ்சம் மடக்கம் மிச்சமிருக்க வேண்டும். இருபது முறை சிரமமில்லாமல் செய்ய முடிகிறவர் இன்னும் மெதுவாகத் தள்ள வேண்டும், போகும்போது மூன்று எண்ண, வரும்போது மூன்று எண்ண. இந்தக் கருவிகளில் எடைத்தட்டைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. வேகத்தைக் குறைப்பதுதான் கைவசம் உள்ள வழி. உட்கார்ந்து தள்ளும் செஸ்ட் பிரஸ், இழுக்கும் சீட்டட் புல்லர் இரண்டுக்கும் இதே கணக்கு.

தோள் சக்கரத்துக்குக் கூடுதல் மதிப்பெண் தரவேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தோள் இறுகிப்போவது அதிகம்; பின்னால் கை எட்டாது, தலைவார முடியாது. பக்கவாட்டில் நின்று பிடியைப் பற்றி, வலி தொடங்கும் எல்லைக்குச் சற்று முன்னரே நிறுத்தி, இரண்டு பக்கமும் பத்துப் பத்துச் சுற்று சுற்றினால் போதும். வாங்கும்போது சக்கரத்தின் நடுமையம் எந்த உயரத்தில் வருகிறது என்று அளந்து பாருங்கள். தரையிலிருந்து 125 முதல் 135 சென்டிமீட்டருக்குள் இருந்தால் நம் ஊர்ப் பெண்களுக்கும் ஆண்களுக்கும் பொருந்தும். 150 சென்டிமீட்டரில் பொருத்திவிட்டால் பாதிப் பேருக்குத் தோளைத் தூக்கிக்கொண்டே சுற்றவேண்டி வரும், வலி கூடத்தான் செய்யும்.

வேண்டாம் என்று சொன்னது ட்விஸ்டரை. வட்டத் தட்டில் நின்று இடுப்பை வலமும் இடமும் திருகுவது. இடுப்புக் கொழுப்பு குறையும் என்ற நம்பிக்கையில் இதற்குத்தான் வரிசை நிற்கும். ஓரிடத்தை ஆட்டி அந்த இடத்துக் கொழுப்பைக் கரைக்க முடியாது; உடம்பு கொழுப்பை எடுக்கும் கணக்கு வேறு. முதுகுத்தண்டு டிஸ்க் நகர்ந்தவர்களுக்கும், எலும்பு தேய்ந்த மூத்த பெண்களுக்கும் இந்தத் திருகல் கெடுதி. கூடவே, தட்டுக்கு அடியில் தரையை ஒட்டி இருக்கும் பேரிங்கில் மழைத் தண்ணீரும் மண்ணும் நேராக இறங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு பருவமழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொன்று என்று இரண்டையும் வாங்கும் மாவட்டத்தில் முதலில் இறுகி நிற்கும் கருவி இதுதான்.

சாய்பலகையில் படுத்து எழும் சிட்-அப் போர்டு இளவட்டங்களுக்குப் பரவாயில்லை. கழுத்தைக் கையால் இழுத்து எழுவதுதான் வழக்கமான தப்பு; கையை மார்பில் கட்டிக்கொள்ள வேண்டும். தகரப் பலகை என்றால் காலை ஒன்பதுக்கு மேல் முதுகு சுடும்.

அசையாத கருவிகளை யாரும் மதிப்பதில்லை, அதுதான் வருத்தம். 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு குறுக்குக் கம்பி, 2.1 மீட்டரில் இன்னொன்று, இணைக் கம்பி ஒரு ஜோடி, 45 சென்டிமீட்டர் உயர சிமெண்ட் பெஞ்சு, 15 சென்டிமீட்டர் உயரத்தில் இரண்டு படி. பேரிங் கிடையாது, ஸ்டாப்பர் கிடையாது, கெட்டுப்போக ஒன்றுமே கிடையாது. தாழ்ந்த கம்பியில் கை ஊன்றித் தண்டால், பெஞ்சில் கை ஊன்றாமல் உட்கார்ந்து எழுவது, படியில் ஏறி இறங்குவது. தசை வலுவுக்கு இவை போதும். ஆறு கருவிக்குப் பணம் ஒதுக்கியிருந்தால் மூன்றை இப்படி அசையாதவையாக வாங்குவதே புத்திசாலித்தனம்.

இரும்பைப் பார்த்து வாங்க

மழையும் உப்புக்காற்றும் சேர்ந்த இந்த மண்ணில் சாயம் வெறும் தோல். வெறும் கருப்புப் பைப்பில் பவுடர் கோட்டிங் அடித்துக் கொண்டுவந்தால் முதல் வருடம் பளபளக்கும். பிறகு வெல்டிங் ஓரங்களில் கொப்புளம் கிளம்பும். அதைத் தட்டிப் பார்த்தால் உள்ளே பொருக்குப் பொருக்காக வரும். பவுடர் கோட்டிங் கனம் 60 முதல் 80 மைக்ரான். ஒரு கீறல் விழுந்தால் தண்ணீர் அடியில் புகுந்து பரவும். துருப்பிடிப்பது வெளியே தெரியாமல் பைப்பின் உட்பக்கத்திலிருந்துதான் பெரும்பாலும் தொடங்கும்.

அதனால் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த பைப்பாக, அதாவது ஹாட் டிப் கால்வனைஸ் செய்ததாகக் கேட்க வேண்டும். இதற்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 4759. சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 1461-ன்படி, 3 முதல் 6 மில்லிமீட்டர் கனமுள்ள இரும்புக்குத் துத்தநாகப் பூச்சு சராசரியாக 70 மைக்ரான் இருக்க வேண்டும். சான்றிதழ் கேளுங்கள், ஆனால் சான்றிதழை மட்டும் நம்ப வேண்டாம். வண்டியில் இருந்து இறக்கும்போதே பைப்பின் முனை மூடியைக் கழற்றி போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். முக்கி எடுத்த பைப்பு என்றால் உள்ளேயும் சாம்பல் நிறத்தில் பூச்சு தெரியும். உள்ளே கருப்பாகவோ பழுப்பாகவோ இருந்தால் வெளியே மட்டும் சாயம் என்று பொருள். திருப்பி அனுப்பலாம். பார்த்தபிறகு மூடியை இறுக்கி அடைக்க மறக்கக் கூடாது.

குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் போன்ற கடலோர ஊர்களுக்குப் போல்ட், நட்டு 316 வகை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருப்பது நல்லது. குலசேகரம், அருமனை போன்று உள்ளே தள்ளிய ஊர்களுக்கு 304 வகை போதும். நட்டு எல்லாம் நைலான் வளையம் உள்ளதாக இருக்கட்டும். சாதா நட்டு ஆட்டத்தில் தானாகவே கழலும்.

பேரிங்குதான் கருவியின் உயிர். பொதுவாக 6204 அல்லது 6205 அளவு வரும். எண்ணுக்குப் பின்னால் ‘டூ ஆர் எஸ்’ என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர் அடைப்பு. தண்ணீர் எளிதில் ஏறாது. ‘இசட் இசட்’ என்றால் தகர மூடி. தூசுக்குத் தாங்கும், நம் மழைக்குத் தாங்காது. இந்த ஒரு வரியை ஒப்பந்தத்தில் எழுதிவிட்டால் பாதிச் சண்டை மிச்சம். இன்னொன்று, பேரிங் உட்காரும் கூட்டை வெல்டிங் வைத்து மூடிக் கொடுப்பார்கள். மாற்ற வேண்டுமென்றால் கருவியின் கைப்பகுதியையே அறுக்க வேண்டும். போல்ட் போட்ட மூடியாகக் கேட்டால் உள்ளூர் லேத்துக் கடைக்காரர் அரைமணியில் மாற்றிவிடுவார்.

கிறீச் சத்தம் வந்தவுடன் யாராவது வண்டியின் பழைய இன்ஜின் ஆயிலைக் கொண்டுவந்து ஊற்றுவார்கள். நல்ல மனதோடு செய்யும் கெட்ட காரியம் அது. ரப்பர் அடைத்த பேரிங்குக்குள் அந்த எண்ணெய் போகாது. வெளியே வடிந்து புழுதியை ஒட்டிக்கொள்ளும், சேலையிலும் வேட்டியிலும் கறை பிடிக்கும். கறை பட்ட பெண் மறுநாள் வரமாட்டார். அடைத்த பேரிங் சத்தம் போட்டால் அதை மாற்றுவது ஒன்றே வழி. பேரிங்குக்குப் பதில் கிரீஸ் நிப்பிள் (கிரீஸ் செலுத்தும் சிறு முனை) உள்ள புஷ் (உலோக வளையம்) வகையாக இருந்தால் மட்டும் மாதம் ஒருமுறையும், மழைக்காலத்தில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் கிரீஸ் அடிக்கலாம்.

அடித்தளத்தில் ஏமாறுவதும் உண்டு. 114 மில்லிமீட்டர் விட்டமுள்ள தூணுக்கு 45 சென்டிமீட்டர் சதுரத்தில் 60 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி, கான்கிரீட் போட்டு, அதில் நான்கு போல்ட் பதித்து அடித்தகட்டை முடுக்க வேண்டும். கான்கிரீட்டின் தலை மண்மட்டத்துக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே, நாலாபுறமும் சரிவாக இருந்தால் தூணடியில் தண்ணீர் நிற்காது. குளத்தை ஒட்டி மண்ணடித்து நிரப்பிய இடம் என்றால் ஒரு மழைக்காலம் விட்டு மண் அமுங்கியபிறகே கருவியை நிறுத்துங்கள். இல்லையேல் அடுத்த ஜூனில் தூண் சாயும்.

இந்தக் கருவிகள் பெரியவர்களுக்கானவை. ஐரோப்பியத் தர விதி இஎன் 16630 இவற்றை 1.4 மீட்டருக்கு மேல் உயரமுள்ளவர்களுக்கென்றே வகுத்திருக்கிறது. நம் ஊரில் மாலையானால் இவற்றில் குழந்தைகள்தான் தொங்குவார்கள். அவர்களை விரட்டுவதால் பயனில்லை. பக்கத்திலேயே ஓர் ஊஞ்சலும் சறுக்கும் இருந்தால் தானாக அங்கே போவார்கள். அசையும் பாகங்களுக்கு நடுவே 8 முதல் 25 மில்லிமீட்டர் வரை இடைவெளி இருந்தால் விரல் மாட்டும். வாங்கும்போதே சுண்டுவிரலை விட்டுப் பார்த்துவிடலாம். கருவி நின்றிருக்கும்போது மட்டும்.

வழிதான் பாதிக் கருவி

லான்செட் இதழில் 2016-ல் வந்த ஓர் ஆய்வு, 10 நாடுகளின் 14 நகரங்களில் 6,822 பெரியவர்களின் இடுப்பில் அசைவுமானியைக் கட்டி அளந்தது. நடக்கத் தோதான குடியிருப்பில் இருப்பவர்கள், தோதில்லாத இடத்தில் இருப்பவர்களைவிட வாரத்துக்கு 68 முதல் 89 நிமிடம் வரை கூடுதலாக உடம்பை அசைத்தார்கள். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் சொன்ன குறைந்தபட்ச அளவு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பு. அதில் பாதியை இருப்பிடமே கொடுத்துவிடுகிறது. வீடுகள் நெருங்கியிருப்பது, தெருக்கள் அடிக்கடி ஒன்றையொன்று வெட்டிக்கொள்வது, பேருந்துபோன்ற பொதுப் போக்குவரத்து பக்கத்தில் இருப்பது, நடக்கும் தொலைவில் பூங்காக்கள் இருப்பது என்ற நான்கும் அசைவோடு சேர்ந்தே வந்தன.

அந்த 14 நகரங்களில் இந்திய நகரம் ஒன்றுகூட இல்லை. அப்படியே குமரி மேற்கில் பொருத்தினால் இடறும். 2011 கணக்கெடுப்பில் இந்த மாவட்டத்தின் மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 1,100-ஐத் தாண்டியது; சென்னைக்கு அடுத்தபடி தமிழ்நாட்டிலேயே அதிகம். ஆனால் அந்த நெருக்கம் தெருவில் இல்லை, விளையில் இருக்கிறது. தென்னையும் ரப்பரும் மரச்சீனியும் நின்ற விளைகளுக்குள் ஆளுக்கொரு வீடு. வீட்டுக்கும் சந்திக்கும் நடுவே மேடும் பள்ளமுமாக வளைந்து போகும் இடவழி, இருபுறமும் ஆளுயர மதில். ஒரு வண்டி வந்தாலே ஒதுங்க இடமில்லை. அடுத்த தெருவுக்குக் குறுக்கு வழி இல்லாததால் நேராக 200 மீட்டரில் இருக்கும் கடைக்கு 700 மீட்டர் சுற்றிப் போகவேண்டும். பால் வாங்கக்கூட பைக்கை எடுப்பதற்கு இதுதான் காரணம், சோம்பேறித்தனம் இல்லை.

சந்தியைத் தொட்டபிறகு தேசிய நெடுஞ்சாலை. பாறையும் எம்-சாண்டும் ஏற்றிய டாரஸ் லாரிகள் போகும் சாலையில் ஓரத்து வெள்ளைக்கோட்டுக்கு வெளியே அரை மீட்டர் இடம், அதிலும் பைக் நிறுத்தம். இந்தியச் சாலைப் பேரவையின் 2012-ஆம் ஆண்டு நடைபாதை விதி ஐஆர்சி 103 கேட்டது, தடையில்லாத 1.8 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டருக்கு மிகாத விளிம்பு உயரம். 1.8 மீட்டர் என்பது இரண்டு பேர் குடையோடு எதிரெதிரே கடக்கும் அகலம். குமரியில் குடையைக் கணக்கில் எடுக்காத நடைபாதை பாதி வருடத்துக்கு உதவாது.

நல்ல வழி ஏற்கெனவே இருக்கும் இடமும் உண்டு: சானல் கரை. பாசனச் சானல்களின் கரைகள் மேடுபள்ளம் இல்லாமல் போகும், ஏனென்றால் தண்ணீர் சீராக ஓடவேண்டும் என்பதற்காக மட்டம் பார்த்து வெட்டியவை. நிழல் உண்டு, லாரி கிடையாது, பல ஊர்களை நூல்பிடித்தாற்போல் இணைத்துப் போகும். கருவிகளை வைக்க இதைவிடத் தோதான இடம் மாவட்டத்தில் இல்லை. வேண்டியது, தண்ணீர்ப் பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பி, மாதம் ஒருமுறை புதர் வெட்டு (அணலி என்ற கண்ணாடி விரியனும் மூர்க்கன் என்ற நல்ல பாம்பும் இருக்கும் பகுதி இது), 25, 30 மீட்டருக்கு ஒரு விளக்கு. விளக்கைக் கம்பத்தின் உச்சியில் மரக்கிளைக்கு மேலே போட்டால் வெளிச்சம் இலைக்குத்தான் விழும். கிளைக்குக் கீழே, நாலரை மீட்டர் உயரத்தில் போடவேண்டும்.

பாதைக்கு இன்டர்லாக் கல் பதிப்பதில் ஒரு கவனம் தேவை. வழவழப்பான, சாயம் போட்ட கல்லில் ஜூன் இரண்டாம் வாரமே பாசி பிடித்துவிடும். சொரசொரப்பான மேற்பரப்பு, நூற்றுக்கு இரண்டு சரிவு, ஓரத்தில் சிறு ஓடை, வாரம் ஒருமுறை தேங்காய்நார் பிரஷால் தேய்ப்பு. எட்டு வடிவக் கூழாங்கல் பாதை பல பூங்காக்களில் இருக்கிறது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அதில் வெறுங்காலோடு நடக்கவே கூடாது. கல் குத்திய புண் தெரியாது, தெரியும்போது சீழ் வைத்திருக்கும். நல்ல செருப்போடு சமதளத்தில் நடப்பதே அவர்களுக்கு நலம்.

2022 நிலவரப்படி இந்தியாவில் போதிய அளவு உடலை அசைக்காத பெண்கள் ஏறத்தாழ 57 விழுக்காடு, ஆண்கள் 42 விழுக்காடு என்று 2024-ல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்த கணக்கு சொல்கிறது. இந்த வித்தியாசத்துக்குக் காரணம் தேடி ரொம்ப தூரம் போகவேண்டாம், பூங்கா வாசலில் தொங்கும் நேரப்பலகையைப் பார்த்தால் போதும். காலை 5 முதல் 8, மாலை 4 முதல் 8. வீட்டில் பெண்ணுக்கு அடுப்படி வேலை நெருக்கும் நேரம் காலை 5 முதல் 8. பிள்ளைகளைப் பள்ளி வண்டியில் ஏற்றிவிட்டு அவர் ஓய்ந்து நிற்பது 9 மணிக்கு, அப்போது பூட்டு. 9 முதல் 11 வரை திறந்து வைத்தால், கருவிகளுக்கு மேலே ஒரு கூரையோ இரண்டு வேப்பமரமோ நிழல் தந்தால், பெண்கள் கூட்டம் நிச்சயம் வரும். தனியாக வரத் தயங்குகிறவர்களுக்குக் கேரளத்தின் குடும்பஸ்ரீ என்ற பெண்கள் குழுக்கள் போலவும் தமிழ்நாட்டின் மகளிர் குழு போலவும் ஏற்கெனவே கூடும் கூட்டங்கள் எல்லையின் இருபக்கமும் உண்டு. அந்தக் கூட்டம் முடிந்த கையோடு சேர்ந்து நடக்கலாம். கழிப்பறை இல்லாத பூங்காவில் மூத்தவர்கள் இருபது நிமிடத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள். மதிலுக்கு வெளியே இருந்து உள்ளே தெரியும்படி கம்பிவேலி இருக்க வேண்டும். ஆளுயரச் சுவர் பாதுகாப்புக்கு எதிரி.

ஊரே சேர்ந்து செய்தால் எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையில் நடுத்தர வருமானக் குடியிருப்பு ஒன்றில் மக்கள் தங்கள் சொந்தப் பணத்தில் பூங்கா அமைத்துக்கொண்டார்கள். அதற்கு முன் வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 விழுக்காடு, பிறகு 58.7 விழுக்காடு. 2006-ல் வெளியான ஆய்வு இது. மாவட்டத்துக்கு ஒன்றாக 8 கிலோமீட்டர் நடைபாதை குறித்து 2023 நவம்பர் 4 அன்று தமிழக அரசு தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டமும் நல்லதே. ஆனாலும் நட்டாலத்து ஆளுக்கும் கொல்லங்கோட்டு ஆளுக்கும் தினசரி உதவுவது வாசலில் இருந்து தொடங்கும் 800 மீட்டர்.

கணக்கு எளிது. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கிலோமீட்டர் நடக்க 12 நிமிடம். ஒரு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பூங்காவுக்கு நடந்து போய் நடந்து வந்தால் 24 நிமிடம். வாரம் ஆறு நாள் என்றால் 144. கருவியைத் தொடாமலே 150 ஏறக்குறைய நிறைந்துவிட்டது. பைக்கில் போனால் இந்த 144-ம் பூஜ்யம்.

உட்கார்ந்தே இருக்கும் வேலைகள்

நடைக்கும் உட்காருவதற்கும் கணக்கு தனித்தனி. காலையில் அரைமணி நடந்துவிட்டு எட்டு மணிநேரம் அசையாமல் உட்காருகிறவருக்கு ஆபத்து மிச்சம் இருக்கிறது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வொன்றில், தினம் எட்டு மணிநேரத்துக்கு மேல் உட்காருவதால் கூடும் மரண அபாயம், நாளுக்கு 60 முதல் 75 நிமிட மிதமான உழைப்பு உள்ளவர்களிடம் காணவில்லை.

இங்கே உட்கார்ந்த வேலை என்றால் கணினி மட்டும் நினைவுக்கு வரக் கூடாது. அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துத் தொலிக்கும் பெண்கள் காலை முதல் மாலை வரை ஒரே இருப்பில் இருப்பவர்கள். ஜவுளிக்கடை கல்லாவில் இருப்பவர், ஆட்டோ ஓட்டுபவர், தையல்காரர் எல்லோரும் இந்த வரிசைதான். இவர்களுக்கு ஏர் வாக்கரைவிட உதவுவது அரைமணிக்கு ஒருமுறை எழுந்து இரண்டு நிமிடம் நடப்பது. வாகான இடம் வேண்டும்: அண்டி ஆபீஸ் முற்றத்தில் ஒரு தாழ்ந்த கம்பி, நிழல் நடை 30 மீட்டர். தண்ணீர்க்குடத்தை வேலைமேசைக்குப் பக்கத்தில் வைக்காமல் முற்றத்தின் அடுத்த முனையில் வைத்தால் தாகமே எழுப்பிவிடும். அதற்கு மேற்பார்வையாளர் எழுந்திருப்பதைக் குற்றமாக எண்ணாமல் இருக்க வேண்டும்.

ரப்பர் பால் வெட்டுகிறவர் வெளுக்கும் முன்பே தோட்டம் முழுக்க மேடு ஏறி இறங்கி முடித்துவிடுவார். அவருக்கு நடை தேவையில்லை. குனிந்து வெட்டும் இடுப்புக்கும் தோளுக்கும் தளர்த்தும் பயிற்சிதான் வேண்டும். உயரக் கம்பியில் பாதம் தரையில் படப் பாதி எடையோடு 20 நொடி தொங்குவது, தோள் சக்கரம். அவ்வளவு போதும்.

பயன்படுத்தும் வரிசை

முதலில் நடை. நிமிடத்துக்கு 100 எட்டு (காலடி) என்ற வேகம் பெரியவர்களுக்கு மிதமான உழைப்பு. அரைமணியில் 3,000 எட்டு. கூட வருகிறவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ஒரே தடவையில் அரைமணி நடக்க வேண்டும் என்பதும் இல்லை. மூன்று பத்து நிமிடமாகப் பிரித்தாலும் கணக்கில் சேரும். வாரத்தில் இரண்டு நாளாவது நடைக்குப் பின் லெக் பிரஸ், செஸ்ட் பிரஸ், புல்லர், பெஞ்சில் உட்கார்ந்து எழுதல். இடையே ஒருநாள் ஓய்வு. இன்சுலின் போடுகிறவர்கள் பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ வைத்துக்கொள்ள வேண்டும். நெஞ்சில் இறுக்கம், இடது கையில் வலி, கண் இருட்டல் என்றால் அங்கேயே நிறுத்தி உட்கார்ந்து உதவிக்கு ஆள் அழைப்பது. 108-க்கு போன் செய்வது.

சந்தியில் சாயாக்கடை இருப்பது நடைக்கு நல்ல துணை, பலர் நடப்பதே அந்தப் பேச்சுக்காகத்தான். சாயா குடிக்கலாம். 65 கிலோ எடையுள்ளவர் அரைமணி நடந்தால் செலவாவது 110, 120 கலோரி. ஒரு பழம்பொரி (வாழைப்பழ பஜ்ஜி) அதைத் தாண்டிவிடும்.

வாங்கப்போகிறவர்கள் விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னால், மழை விட்ட ஒரு ஜூன் மாலையில், ஆறே முக்கால் மணிக்கு, குறித்து வைத்த இடத்துக்கு நான்கு பக்கத்திலிருந்தும் நடந்து பாருங்கள். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாவையும் கூட்டிப் போங்கள். அவர் எங்கே நின்று கைபிடிக்க எதையாவது தேடினார், எந்த வளைவில் முகம் தெரியாத இருட்டு, நாய்கள் எந்தக் குப்பைத்தொட்டியைச் சுற்றிக் கிடந்தன, எங்கே செருப்பு வழுக்கியது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பட்டியலில் ட்விஸ்டரை அடித்துவிட்டு, அந்தப் பணத்தை அந்த வளைவில் விளக்குப் போட ஒதுக்கச் சொல்லுங்கள்.